அச்சகத்திலும் காகித ஆலையிலும் புழங்கும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சு வேலைக்குக் கொட்டேஷன் கேட்டால் ஒரே வரியில் பதில் வரும்: 'உள்பக்கம் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, ஒரு கலர், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, நாலு கலர், மேட் லேமினேஷன், பர்ஃபெக்ட் பைண்டிங்.' அந்த ஒரு வரிக்குள் ஏழெட்டு முடிவுகள் இருக்கின்றன. நமக்குச் சொல் புரியவில்லை என்றால் அந்த முடிவுகளை அச்சகம் தன் வசதிப்படி எடுத்துக்கொள்ளும். அதில் குற்றம் சொல்லவும் முடியாது, யாராவது ஒருவர் எடுத்துத்தானே ஆக வேண்டும். புத்தகம், சிற்றிதழ், கையேடு என்று எதையாவது முதல் தடவையாக அச்சுக்குக் கொடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

ஜிஎஸ்எம் என்பது தடிமனா, எடையா?

எடை. ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராமோ அதுதான் அதன் ஜிஎஸ்எம். ஏ0 தாளின் அளவு 841 × 1189 மி.மீ., அதாவது மயிரிழை குறைவாக ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரைக் கிலோ. 70 ஜிஎஸ்எம் என்றால் ரீம் ஏறக்குறைய 2.18 கிலோ வரும். வாங்கியது சொன்ன ஜிஎஸ்எம்தானா என்று சந்தேகம் வந்தால் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும்.

புழக்கத்தில் செய்தித்தாள் 50-க்குக் கீழே, புத்தக உள்பக்கம் 60 முதல் 80 வரை, துண்டறிக்கையும் பிரசுரமும் 90 முதல் 170 வரை, அட்டையும் விசிட்டிங் கார்டும் 250-க்கு மேலே.

ஒரே ஜிஎஸ்எம், ஒரே பக்க எண்ணிக்கை. ஆனால் ஒரு புத்தகம் குண்டாகவும் இன்னொன்று ஒல்லியாகவும் இருக்கிறதே?

அங்கேதான் 'பல்க்' வருகிறது. தாளின் தடிமனை மைக்ரானில் எடுத்து ஜிஎஸ்எம்மால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. சாதாரணப் பூச்சில்லாத காகிதத்துக்கு 1.2, 1.3 என்று வரும். உருளைகளில் நன்றாக அழுத்தி வழவழப்பாக்கிய ஆர்ட் பேப்பருக்கு 0.8 பக்கம் நிற்கும். நாவல்களுக்கு என்றே தயாராகும் பஞ்சுபோன்ற காகிதத்துக்கு 1.8 கூட உண்டு. சிறிய கதையைப் பெரிய புத்தகமாகக் காட்ட நினைக்கும் பதிப்பாளருக்கு இந்த எண் நல்ல நண்பன்.

வடிவமைப்பாளருக்கு இதில் வேறொரு கவலை இருக்கிறது. புத்தகத்தின் முதுகு எவ்வளவு அகலம் என்பதை ஜிஎஸ்எம் சொல்லாது, தாளின் தடிமன்தான் சொல்லும். 240 பக்கம் என்றால் 120 தாள். ஒரு தாள் 100 மைக்ரான் என்றால் 12 மி.மீ.; அட்டை இரண்டு பக்கமும் சேர்த்து இன்னும் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அட்டை வடிவமைத்து முடித்த பிறகு 'ஸ்டாக் இல்லை, அதே ஜிஎஸ்எம்மில் வேறு பேப்பர் போடுகிறோம்' என்று யாராவது சொன்னால் சும்மா தலையாட்டக் கூடாது. பல்க் மாறினால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும். தடிமன் எவ்வளவு என்று கேட்டு, முதுகை மறுபடி கணக்கிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும்.

மேப்லித்தோ, ஆர்ட் பேப்பர், ஆர்ட் கார்டு: வித்தியாசம் என்ன?

மேப்லித்தோ பூச்சில்லாத காகிதம். ஆர்ட் பேப்பரின் மேல் கயோலின் களிமண், கால்சியம் கார்பனேட் போன்ற வெள்ளைப் பொடிகளை ஒட்டுப்பொருளோடு கலந்து பூசியிருப்பார்கள். பூச்சில்லாத தாளில் மை உள்ளே இறங்கும். பூச்சுள்ள தாளில் மேலேயே நிற்கும். படங்கள் ஆர்ட் பேப்பரில் துலங்குவதற்கும் மேப்லித்தோவில் சற்று மங்குவதற்கும் இதுவே காரணம். ஆர்ட் கார்டு அதே ஜாதிதான், கனம் அதிகம்.

மேட் ஆர்ட் பேப்பர் பளபளக்காது என்பதால் பூச்சே இல்லை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அதற்கும் பூச்சு உண்டு. இன்னொன்று: கையால் நிரப்ப வேண்டிய படிவம், குறிப்பெழுத இடம் விட்ட டைரி போன்றவற்றை ஆர்ட் பேப்பரில் அடிக்காதீர்கள். மைப்பேனாவால் எழுதினால் காயாமல் இழுவும். வாசிப்பதற்கான புத்தகத்துக்கும் என் தேர்வு எப்போதும் பூச்சில்லாத காகிதம்தான். பளபளப்பான தாளில் விளக்கொளி எதிரடிக்கும். களிமண் பாரத்தால் புத்தகம் கையில் கனக்கும்.

'உட்ஃப்ரீ' காகிதம் மரத்திலிருந்து வராததா?

பெரும்பாலும் மரத்திலிருந்துதான் வருகிறது. அதில் இல்லாதது இயந்திரத்தால் அரைத்த மரக்கூழ்.

கூழ் எடுக்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. மரத்தை அப்படியே அரைத்து எடுப்பது மெக்கானிக்கல் கூழ். நூறு கிலோ மரத்தில் தொண்ணூறு கிலோவுக்கு மேல் கூழாகிவிடும், ஆனால் மர நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளும் கூடவே வந்துவிடும். வெயிலும் காற்றும் பட்டால் பழுப்பாவது அந்த லிக்னின்தான். பழைய செய்தித்தாள் மஞ்சளாகி நொறுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் சேர்த்து அழுத்தத்தில் வேகவைத்து லிக்னினைக் கரைத்து வெளியேற்றும் கிராஃப்ட் முறை. இதில் பாதி மரம்தான் கூழாக மிஞ்சும். கரைந்து போன மீதி 'பிளாக் லிக்கர்' என்ற கருந்திரவமாக வரும். அதை எரித்து ஆலைக்கு வேண்டிய நீராவியை எடுப்பார்கள், ரசாயனங்களையும் மீட்பார்கள். இப்படி வேகவைத்து எடுத்த கூழில் செய்த காகிதமே உட்ஃப்ரீ. கரும்புச் சக்கை, மூங்கில், வைக்கோல் ஆகியவற்றிலும் கூழ் எடுக்கலாம்.

ஆலையில் கூழ் எப்படிக் காகிதமாகிறது?

இயந்திரத்தின் தலைமாட்டில் இருக்கும் தொட்டிக்கு 'ஹெட்பாக்ஸ்' என்று பெயர். அதிலிருந்து பாயும் கலவையில் 99 சதவீதமோ அதற்கு மேலோ தண்ணீர். நார் ஒரு சதவீதம்கூட இருக்காது. அது ஓடிக்கொண்டே இருக்கும் சல்லடைமேல் விழும். 'வயர்' என்பது அந்தச் சல்லடை. தண்ணீர் கீழே வடிந்ததும் ஈரப்படலத்தை 'பிரஸ்' பகுதியில் உருளைகளுக்கு இடையே பிழிவார்கள், பிறகு நீராவியால் சூடாக்கிய உருளைகளில் உலர்த்துவார்கள். கடைசியில் மிஞ்சும் ஈரம் ஐந்தாறு சதவீதம்.

நார்கள் உலரும்போது ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் தாமாகவே பற்றிக்கொள்கின்றன, பசை எதுவும் தேவைப்படுவதில்லை. காகிதத்தை நனைத்தால் பிரிந்து மறுபடி கூழாவதும் இதனால்தான்.

தொடர்ச்சியாகக் காகிதம் வார்க்கும் இயந்திரத்துக்கு 1799-இல் பிரான்சில் நிக்கோலா லூயி ரோபேர் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் ஃபோர்ட்ரினியர் சகோதரர்கள் அதற்குப் பணம் போட்டு வளர்த்தார்கள். அதனால் இன்றுவரை அவர்கள் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

ஆலைப் பேச்சில் வரும் மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். 'டெக்கிள்' என்பது இயந்திரத்தில் வரும் காகிதத்தின் அகலம். அந்த அகலத்தை மீதமில்லாமல் பங்கிடும்படிதான் ரீல் அளவுகளை வெட்டுவார்கள். எதிலும் பொருந்தாத அளவு கேட்டால் விலை ஏறும். 'புரோக்' ஆலைக்குள்ளேயே கிழிந்து விழுவது, அது மறுபடி கூழ்த்தொட்டிக்குப் போகும். 'சைசிங்' என்பது தண்ணீரையும் மையையும் தாள் கண்டபடி உறிஞ்சாமல் இருக்கச் செய்யும் சேர்க்கை. முன்பு ரோசினும் படிகாரமும் போட்டார்கள். அந்த அமிலத்தன்மை பல ஆண்டுகளில் நார்களையே அரித்து, நூலகங்களில் புத்தகங்கள் பொடிந்துபோக ஒரு முக்கியக் காரணமாயிற்று. இப்போது பெரும்பாலும் அமிலமற்ற முறைகள். நூற்றாண்டு நிற்க வேண்டிய புத்தகம் என்றால் ஐஎஸ்ஓ 9706 தரத்துக்கு உட்பட்ட காகிதமா என்று கேளுங்கள். 'கேலண்டர்' என்பது கடைசியில் தாளை அழுத்தி வழவழப்பாக்கும் உருளை அடுக்கு.

'கிரெய்ன்' பார்க்க வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

அச்சுக்குக் கொடுப்பவர் அநேகமாகக் கேட்காத, ஆனால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

சல்லடை வேகமாக ஓடும்போது அதன்மேல் விழும் நார்களில் பெரும்பாலானவை ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அந்தத் திசைதான் கிரெய்ன். நார் ஈரத்தை உறிஞ்சினால் அகலத்தில் பருக்கும், நீளத்தில் அதிகம் மாறாது. ஆகவே காகிதமும் கிரெய்னுக்குக் குறுக்காக விரியும், சுருங்கும். மழைக்காலத்தில் அச்சகத்தில் வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் தொல்லை தருவதற்குப் பாதிக் காரணம் இந்த விரிவு.

புத்தகத்துக்குள் கிரெய்ன் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கங்கள் விறைத்து நிற்கும், புத்தகம் விரித்தால் விரியாது, கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும். முதுகில் தடவிய பசையின் ஈரத்தில் தாள் நீளவாக்கில் விரியப் பார்க்கும். பசையோ பிடித்து வைத்திருக்கும். விளைவு, பைண்டிங் ஓரத்தில் அலையலையாக நெளிவு. கெட்டி அட்டையைக் கிரெய்னுக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பில் பூச்சு வெடித்து வெள்ளை தெரியும். வாழ்த்து அட்டையில் இது பளிச்சென்று கண்ணில் படும்.

கையிலுள்ள தாளில் கண்டுபிடிப்பது எளிது. தாளை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள்: கிரெய்ன் திசையில் ஏறக்குறைய நேராகக் கிழியும், குறுக்கே கோணலாகப் போகும். அல்லது உள்ளங்கையளவு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றுங்கள். சில நொடிகளில் அது குழலாகச் சுருளும். குழல் நீளும் திசைதான் கிரெய்ன்.

அப்படியென்றால் ஏன் எல்லாரும் சரியாகப் போடுவதில்லை? தவறான கிரெய்னில் அடுக்கினால் சில சமயம் ஒரு தாளில் இரண்டு பக்கம் கூடுதலாகப் பிடிக்கும். காகிதம் மிச்சம். அதை வாங்குபவரிடம் சொல்லாமல் செய்வதுதான் பிரச்சினை.

வெண்மை, பிரைட்னஸ், ஒபாசிட்டி?

பிரைட்னஸ் என்பது 457 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைத் தாள் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்ற அளவு. புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும் ரசாயனங்களைச் சேர்த்து இதைக் கூட்டலாம். அப்படிக் கூட்டிய தாள் புற ஊதா விளக்கின்கீழ் நீலமாக ஒளிரும். எண் பெரிதாக இருந்தால் நல்ல காகிதம் என்று அர்த்தமில்லை. நீண்ட நேரம் வாசிக்கும் புத்தகத்துக்கு லேசான கிரீம் நிறமே கண்ணுக்கு இதம்.

ஒபாசிட்டி என்றால் மறுபக்கத்து எழுத்து தெரியாத தன்மை. 60 ஜிஎஸ்எம்மில் இது கவலைதான். இரு பக்கத்து வரிகளும் ஒன்றுக்கு நேர் பின்னால் ஒன்றாகச் சரியாக விழும்படி பக்கம் அமைத்தால் ஊடுதெரிவது பாதி மறைந்துவிடும். காசு செலவில்லாத வைத்தியம்.

ஆஃப்செட் என்பது எதிலிருந்து எதற்கு?

பிளேட்டிலிருந்து ரப்பருக்கு, ரப்பரிலிருந்து தாளுக்கு. அலுமினியப் பிளேட்டில் எழுத்துள்ள இடம் எண்ணெய் மையைப் பிடிக்கும், மற்ற இடம் தண்ணீரைப் பிடிக்கும். மேடு பள்ளம் எதுவும் கிடையாது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற இந்த அடிப்படையை 1796-இல் அலாய்ஸ் செனஃபெல்டர் கல்லில் செய்து காட்டினார். பிளேட்டை நனைக்கும் தண்ணீருக்கு 'ஃபவுண்டன் சொல்யூஷன்' என்று பெயர், நடுவிலிருக்கும் ரப்பர் விரிப்பு 'பிளாங்கெட்'. ரப்பர் நெகிழ்வதால் சொரசொரப்பான தாளிலும் எழுத்து முழுதாகப் பதிகிறது.

இதில் செலவின் பெரும்பகுதி முதல் நல்ல பிரதி வருவதற்கு முன்பே முடிந்துவிடும். பிளேட் போட்டு, மை அளவும் தண்ணீர் அளவும் சீராகி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்வரை ஓடும் தாள்கள் எல்லாம் கழிவு. இந்தத் தயாரிப்புக்கு 'மேக்ரெடி' என்று பெயர். நூறு பிரதி அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் மேக்ரெடி கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால்தான் 300 பிரதிக்கும் 500 பிரதிக்கும் மொத்தத் தொகையில் பெரிய வித்தியாசம் வருவதில்லை.

அப்போது டிஜிட்டல் எப்போது?

பிரதி குறைவாக இருக்கும்போது, அல்லது ஒவ்வொரு பிரதியிலும் பெயரோ எண்ணோ மாற வேண்டியிருக்கும்போது. பிளேட் இல்லை, முதல் தாளே நல்ல தாள். டோனர் அச்சில் ஒரு குறை: தூள் தாளின்மேல் உருகி ஒட்டியிருப்பதால், அடர் வண்ணப் பரப்பை மடித்தால் மடிப்பில் உதிரும். மடிப்பு வரும் இடத்தில் முன்கூட்டியே 'கிரீஸிங்', அதாவது அழுத்திய மடிப்புக்கோடு, போடச் சொல்லுங்கள். எதற்கு எது மலிவு என்ற எல்லைக்கோடு வேலைக்கு வேலை மாறும். இரண்டுக்கும் விலை கேட்பதே வழி.

திரையில் பார்த்த நிறம் தாளில் ஏன் வருவதில்லை?

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. தாளில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகள் விழும் ஒளியிலிருந்து கழித்து நிறம் காட்டுகின்றன. திரையின் பளீர்ப் பச்சையும் மின்னும் நீலமும் நான்கு மைக்கு எட்டாதவை. ஆகவே வடிவமைப்பைத் தொடங்கும்போதே இந்த நான்கு மை முறையில், அதாவது சிஎம்ஒய்கே-வில், வைத்துக்கொண்டால் கடைசியில் ஏமாற்றம் குறையும்.

நிறுவனச் சின்னம் போல ஒரே நிறம் எங்கும் மாறாமல் வர வேண்டுமென்றால் 'ஸ்பாட் கலர்': நான்கைக் கலந்து காட்டாமல், அந்த நிறத்தையே தனி மையாக ஒரு தனிப் பிளேட்டில் அடிப்பது. 1963-இல் வந்த பான்டோன் எண்முறை இதற்கான பொதுமொழி. எண்ணின் பின்னால் வரும் சி, யூ என்ற குறிகளைக் கவனியுங்கள். பூச்சுள்ள தாளில் அந்த மை எப்படித் தெரியும் என்பதை முதலாவதும், பூச்சில்லாததில் எப்படி என்பதை இரண்டாவதும் காட்டும்.

கறுப்பில்கூட வகை உண்டா?

உண்டு, இதில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். பெரிய கறுப்புப் பரப்பைக் கறுப்பு மை ஒன்றால் மட்டும் அடித்தால் வெளிறிய சாம்பலாகத் தெரியும். அதற்கு அடியில் மற்ற மைகளையும் கொஞ்சம் சேர்த்தால் ஆழம் வரும். 'ரிச் பிளாக்' என்பது அதுதான். கறுப்பு 100, சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 ஒரு வழக்கமான கலவை. மொத்தம் 240 சதவீதம். நான்கையும் 100 வைத்து 400 ஆக்கினால் மை காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். ஆர்ட் பேப்பரில் 300 சதவீதத்தை ஒட்டி நிறுத்திக்கொள்வது நல்லது. செய்தித்தாளில் 240-க்கு மேல் போவது ஆபத்து.

சின்ன எழுத்துக்கு நேர்மாறு. அங்கே கறுப்பு மட்டும்தான், 'ஓவர்பிரிண்ட்' வைத்து, அதாவது அடியிலுள்ள நிறத்தில் எழுத்துக்கு இடம் விடாமல் அதன்மேலேயே அடிப்பது. நான்கு மையில் எழுத்தை அடித்தால் ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும். வெள்ளை எழுத்துக்கு மட்டும் ஓவர்பிரிண்ட் தவறிக்கூட வைக்கக் கூடாது. அந்த நான்கு மைகளில் வெள்ளை இல்லையே. எழுத்து மொத்தமாக மறைந்துவிடும்.

தமிழ் எழுத்தில் இன்னொரு சங்கடம் சேர்கிறது. தாளில் விழும் மைப்புள்ளி கொஞ்சம் பரவும். 'டாட் கெயின்' என்று அதைச் சொல்வார்கள், பூச்சில்லாத தாளில் இன்னும் அதிகம். அடர் வண்ணத்தின்மேல் வெள்ளையாக விட்ட சின்ன எழுத்துகளில் முதலில் அடைபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. 'பத்து' என்பது 'பதது' என்று நிற்கும். புரூஃபில் எல்லாம் சரியாக இருந்திருக்கும், அச்சில் போயிருக்கும். ஆகவே வெள்ளை எழுத்து என்றால் 9 பாயிண்டுக்குக் கீழே இறங்காமல், புள்ளி பெரிதாக உள்ள, சற்றுத் தடித்த எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள்.

300 டிபிஐ எங்கிருந்து வந்தது?

நிழற்படத்தைச் சிறு புள்ளிகளாக உடைத்துத்தான் அச்சிட முடியும். ஓர் அங்குலத்தில் எத்தனை வரிசைப் புள்ளி என்பதே எல்பிஐ. ஆர்ட் பேப்பரில் 150 முதல் 175, செய்தித்தாளில் 100 அல்லது குறைவு. படத்தில் ஓர் அங்குலத்துக்கு அதைப் போல இரு மடங்கு பிக்சல் இருந்தால் போதும் என்பது வழக்கு, டிபிஐ என்று பேச்சில் சொல்வது அந்த எண்ணைத்தான். 150-இன் இரு மடங்கு 300.

ஆக, 1600 பிக்சல் அகலமுள்ள படத்தை 300-ஆல் வகுத்தால் ஐந்தேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். அதைவிட அகலமாக வைத்தால் மங்கும். மென்பொருளில் 72 என்ற எண்ணை 300 என்று மாற்றி எழுதுவதால் படத்தில் புதிய விவரம் எதுவும் பிறந்துவிடாது. பழைய இதழிலிருந்து ஸ்கேன் செய்த படத்தில் ஏற்கெனவே அச்சுப் புள்ளிகள் இருக்கும். அதன்மேல் புதிய புள்ளிவரிசை விழுந்தால் பட்டுத்துணி நெளிவு போன்ற கோலம் வரும். 'மொய்ரே' என்று அதற்குப் பெயர். ஸ்கேன் செய்யும்போதே 'டீஸ்கிரீன்' வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிளீடு எவ்வளவு விட வேண்டும்?

பிளீடு என்பது வெட்டுக்கோட்டைத் தாண்டிப் படத்தையோ நிறத்தையோ நீட்டி விடும் பகுதி. எல்லாப் பக்கமும் 3 மி.மீ. வெட்டும் கத்தி ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போகும். படம் சரியாக ஓரத்தோடு நின்றால் வெள்ளைக் கீற்று தெரியும். அதேபோல எழுத்தை வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே வையுங்கள். ஓரத்தை ஒட்டி மெல்லிய கட்டம் போடும் ஆசை பலருக்கு உண்டு. வேண்டாம், கட்டம் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும்தான் வரும்.

பக்க எண்ணிக்கை 16-இன் மடங்காக இருக்க வேண்டும் என்கிறார்களே?

புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை. பெரிய தாளின் ஒரு முகத்தில் எட்டு, மறுமுகத்தில் எட்டு என்று அடித்து, மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். எந்தப் பக்கம் எங்கே, எது தலைகீழாக என்று அடுக்கும் வேலை 'இம்போசிஷன்'. ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்து, வெட்டாமலே ஓரங்களைத் தூக்கிப் பார்த்து 1 முதல் 16 வரை எண் போட்டுவிட்டு விரியுங்கள். ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் 16 நிற்கும். ஒருமுறை செய்து பார்த்தால் போதும், பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

100 பக்கம் என்றால் ஆறு ஃபாரம் போக நான்கு பக்கம் மீதி. அந்த நான்குக்கும் தனிப் பிளேட், தனி ஓட்டம். 96-க்குள் சுருக்குவதோ 112 ஆக்குவதோ பல நேரம் லாபம். மீதிப் பக்கங்களுக்கு 'வொர்க் அண்ட் டர்ன்' என்ற உத்தியும் உண்டு: முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பிளேட்டில், தாளைத் திருப்பி மறுபடி அதே பிளேட்டில் அடித்து, பாதியாக வெட்டினால் இரண்டு பிரதி.

எந்த பைண்டிங்?

பக்கம் குறைவென்றால் நடுவில் கம்பி அடிக்கும் சென்டர் பின்னிங். இதற்குப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகப்படுவதால் உள்ளே இருப்பவை வெளியே தள்ளப்படும். 64 பக்கக் கையேட்டில் நடுப்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர்வரை நீண்டு நிற்கும், வெட்டும்போது அந்த அளவு விளிம்பு போய்விடும். 'கிரீப்' என்பது இதுதான்.

முதுகைச் சீவிப் பசை தடவி அட்டை ஒட்டுவது பர்ஃபெக்ட் பைண்டிங். உருக்கித் தடவும் சாதாரண ஹாட்மெல்ட் பசை ஆர்ட் பேப்பரைச் சரியாகப் பிடிக்காது. களிமண் பூச்சு நார்களை மூடியிருப்பதே காரணம். அத்தகைய புத்தகத்துக்குப் பியூஆர் பசை கேளுங்கள்; காற்றின் ஈரத்தில் இறுகும், ஆகவே முழுப் பிடிப்பு வர ஒரு நாளாவது ஆகும். அகராதி, பாடநூல், நூலகத்துக்குப் போகும் புத்தகம் எதுவானாலும் ஃபாரம் ஃபாரமாக நூலால் தைப்பதை மிஞ்ச எதுவும் இல்லை. விலை கூடும், கூடட்டும்.

லேமினேஷன், யூவி, ஃபாயில், எம்பாஸ்?

லேமினேஷன் என்பது அட்டையின்மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்; மேட் அழகு, ஆனால் அடர் நிறங்களில் கீறல் சீக்கிரம் தெரியும். ஸ்பாட் யூவி குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பளபளப்பு. ஃபாயில் சூடான அச்சால் ஒட்டும் உலோக மினுமினுப்பு, எம்பாஸ் தாளையே புடைக்கச் செய்வது. டை கட்டிங் என்றால் வடிவமாக வெட்டுவது. ஓர் அட்டையில் இவற்றில் ஒன்று போதும்.

பிடிஎஃப் அனுப்பினேன், அச்சில் தமிழ் எழுத்து சிதைந்துவிட்டது. ஏன்?

எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள் பொதியாமல் அனுப்பியிருப்பீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகள் கொட்டும். யூனிகோடில் கொம்பு இடம் மாறி நின்றால் அது மென்பொருள் அமைப்பின் கோளாறு. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். திறந்த கோப்பை அனுப்பாமல், அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ்-4 வகையில் ஏற்றுமதி செய்து, வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

புரூஃபில் எதைப் பார்ப்பது?

திரையில் வரும் பிடிஎஃப் 'சாஃப்ட் புரூஃப்'. எழுத்தும் பக்க வரிசையும் சரிபார்க்க மட்டும். நிறத்துக்குக் காகிதத்தில் எடுத்த புரூஃப் வேண்டும், அதையும் குழல் விளக்கில் பார்க்காமல் பகல் வெளிச்சத்திலோ 5000 கெல்வின் விளக்கிலோ பாருங்கள். சரி என்று கையெழுத்திட்ட பிறகு பிழைக்கு நீங்கள்தான் பொறுப்பு. எல்லாரும் உள்பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டு விட்டுவிடுவது முதுகுத் தலைப்பையும் பின்னட்டை எண்ணையும்.

அச்சில் குறை இருந்தால் எப்படிப் பெயர் சொல்லிக் கேட்பது?

வண்ணங்கள் விலகியிருந்தால் மிஸ்ரெஜிஸ்டர். மேல்தாளின் பின்பக்கம் மை ஒட்டியிருந்தால் செட்-ஆஃப். அடர் பரப்பில் வெள்ளை வளையத்தோடு புள்ளி தெரிந்தால் ஹிக்கி, ரப்பரிலோ பிளேட்டிலோ தூசு. மையின் பிசுக்கு தாளின் மேல்தோலை உரித்திருந்தால் பிக்கிங். இதில் காகிதமும் கூட்டாளி.

மறுசுழற்சிக் காகிதம், எஃப்எஸ்சி முத்திரை இரண்டும் ஒன்றா?

இல்லை. 1993-இல் தொடங்கிய எஃப்எஸ்சி, மரம் எங்கிருந்து வந்தது, காடு எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பதற்கான சான்று. மறுசுழற்சிக் காகிதத்துக்கென்று அதில் தனி முத்திரை இருக்கிறது. மறுசுழற்சி என்று சொல்லும்போது, மக்கள் பயன்படுத்தி எறிந்ததா, அச்சகத்தில் வெட்டி விழுந்ததா என்று கேளுங்கள். முதலாவதற்குத்தான் மையை நீக்கும் 'டீஇங்கிங்' வேலை அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகும் என்பதால் புதிய நாரும் எங்காவது சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

1000 கேட்டேன், 970 வந்திருக்கிறது. ஏமாற்றா?

அவசியமில்லை. மடிப்பிலும் தையலிலும் வெட்டிலும் சில பிரதிகள் போகும் என்பதால் அச்சகங்கள் கொஞ்சம் கூடுதலாக அடிக்கும். முடிவில் கூடவோ குறையவோ வரும். அந்த ஏற்ற இறக்கம் எத்தனை சதவீதம், கூடுதலாக வந்தால் பணம் உண்டா என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். குறையவே கூடாத வேலை என்றால் 'குறைந்தது 1000 நல்ல பிரதி' என்ற வாசகத்தோடு ஆர்டர் கொடுங்கள்.